நாரக்கா அளந்த நார்

நாரக்கா உட்கார்ந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று அந்த எரிசாராய ஆலையில் கேட்டால், வாசல் காவலாளியில் தொடங்கி மேலாளர் வரைக்கும் சிரிப்பார்கள். ஆய்வகத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவளுடைய கைப்பைதான் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். அவள் நின்றுகொண்டே எடை போடுவாள், நின்றுகொண்டே போன் பேசுவாள், நின்றுகொண்டே சாப்பிடுவாள். சாப்பாடு என்றால் அதுவும் பெயருக்குத்தான். பாதி மென்று பாதி விழுங்கி, மேலே தண்ணீரை ஊற்றி உள்ளே தள்ளிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிடுவாள். அவள் கணவர் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுகிறவர். காலையில் முக்காலியில் அமர்ந்தால் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றியே பொழுதைச் சாய்த்துவிடும் பொறுமைசாலி. "உன் கால்ல சக்கரத்தைக் கட்டி அனுப்பினவன் பிரேக் வைக்க மறந்துட்டான்டி" என்பார். அதற்கு ஒரு பதில் அவளிடம் இருந்திருக்கும். ஆனால் அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுத்த அறையில் இருப்பாள்.

நார் அளக்கிற அக்கா என்பது வாயில் தேய்ந்து தேய்ந்து நாரக்கா ஆயிற்று. அவளுக்கு அதில் வருத்தமில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. அவள் வேலை அதுதான். ஆலையில் மக்காச்சோளத்தை அரைத்து, வேகவைத்து, நொதி சேர்த்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி ஈஸ்ட்டிடம் ஒப்படைப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தைத் தரும். சாராயம் ஆவியாகிக் குழாயேறிப் போய்விடும். அடியில் தங்குவது சக்கை. அதைப் பிழிந்து, ஒரு வீட்டளவு பெரிய இரும்பு உருளையில் உருட்டி உலர்த்தி மூட்டை கட்டினால் மாட்டுத் தீவனம். அந்த மூட்டையில் நார் எவ்வளவு என்று சொல்ல வேண்டியவள் நாரக்கா.

சக்கை என்றாலே சாரமெல்லாம் போன வெறும் குப்பை என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த நினைப்பைக் கேட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருமுறை, "இதுல என்னம்மா இருக்கு, எல்லாத்தையும்தான் உறிஞ்சிட்டீங்களே" என்று தெரியாமல் கேட்டுவிட்டார். மனிதருக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை.

"எதை உறிஞ்சிட்டோம்? மாவை உறிஞ்சினோம். சோளத்துல முக்கால்வாசி மாவுதான். ஈஸ்டுக்கு மாவு வேணும், நார் அதுக்குப் பல்லுல ஒட்டாது. கூட்டத்துல முக்கால்வாசிப் பேர் எழுந்து போயிட்டா மிச்சம் உக்காந்திருக்கறவன்தானே கண்ணுக்குத் தெரிவான்? சோளத்துல ஒரு பங்கு நார் இருந்தா இந்தச் சக்கையில மூணு பங்கு. போங்க, போய்த் தலைநிமிர்ந்து வண்டிய ஓட்டுங்க."

லாரிக்காரர் தலைநிமிர்ந்துதான் போனார், ஆனால் அடுத்த முறை வந்தபோது அவள் கண்ணில் படாமல் மூட்டையை ஏற்றிக்கொண்டு நழுவிவிட்டார்.

அளப்பது ஒன்றும் மந்திர வேலையில்லை. சக்கைத் தூளில் ஒரு சிட்டிகையை எடை போட்டு, சோப்பு மாதிரியான ஒரு கரைசலில் கொதிக்கவிட வேண்டும். கரைவதெல்லாம் கரைந்து போகும். கரையாமல் நிற்பதைக் கண்ணாடி வடிகட்டியில் பிடித்து, கழுவி, காயவைத்து, மறுபடி எடை போட வேண்டும். நிற்பது நார். அவ்வளவுதான். கொதிக்கும் வரை காத்திருப்பது, காயும் வரை காத்திருப்பது, இந்த இரண்டும்தான் அவளுக்குத் தண்டனை. குட்டி போட்ட பூனை மாதிரி அடுப்புக்கும் சன்னலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். ஆய்வக அதிகாரி பக்கத்து மேசையில் இருந்து, "நீங்க நடக்கறதால அது சீக்கிரம் காயப் போறதில்லம்மா" என்பார். "காயாட்டிப் போகுது, எனக்கு நடக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி நடப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு தம்பி. அவளுக்கு நேர் எதிர். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் அந்த வார்த்தையை மூன்று தரம் உள்ளே புரட்டிப் பார்க்கிற ரகம். அப்பா லாரியோடு போய்விடுவார், அம்மா துணிக்கடையில் காலையில் நின்றால் கடை சாத்துகிறவரை நிற்பவர். அதனால் தம்பியை மேய்த்தது அக்காதான். பள்ளிக்கூடத்தில் எந்த பெஞ்சில் உட்கார வேண்டும், எந்தப் பக்கம் வகிடு எடுக்க வேண்டும், எந்த வேலைக்குப் போக வேண்டும், எந்தப் பெண்ணைக் கட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் அவளே முடிவு செய்தாள். அவன் "சரிக்கா" என்றான். ஒன்று சொல்ல வேண்டும், அவள் முடிவு செய்த எதுவும் தப்பாகப் போகவில்லை. பெண் தங்கமான பெண். அந்தப் பெண்ணுக்குப் புருஷன் மீது ஒரு மனத்தாங்கல் உண்டென்றால் அது இந்த ஒரு விஷயத்தில்தான். "உங்க அக்கா தும்மினாக்கூட நீங்க சரிங்கறீங்க" என்பாள். அவன் அதற்கும் சரி என்பான்.

மாடு வாங்கியதும் அக்கா சொல்லித்தான். கிடங்கு ஒன்றில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவனை இழுத்து வந்து, ஆலையில் தீவனம் இருக்கிறது, நான் இருக்கிறேன், உனக்கென்னடா பயம் என்று கொட்டகை போட வைத்தாள். ஐந்து கறவை மாடுகள். அவன் முகத்தில் அதுவரை யாரும் காணாத ஒரு களை வந்தது அதற்குப் பிறகுதான். அவற்றில் மகாராணி என்று ஒன்று. கறுப்பும் வெள்ளையுமாக, நல்ல உயரம், பால் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். தீவனத் தொட்டிக்கு அது வந்த பிறகுதான் மற்றவை வரும். பெயர் வைத்தவள் தம்பி மனைவி. அதைத் தடவிக்கொடுக்கும்போது மட்டும் தம்பி தானாகவே பேசுவான், அதுவும் தொடர்ந்து.

அந்த வருஷம் மழை தவறிவிட்டது. வைக்கோல் குதிரைக் கொம்பாயிற்று. தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ அலைந்து, இரண்டு கட்டு கிடைத்தால் போதுமென்று திரும்பி வருவான். அவன் கொட்டகை வாசலில் களைத்துப் போய்க் கட்டை இறக்குவதை ஒரு மாலை அக்கா பார்த்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. தம்பி வாடினால் அவளுக்கு என்றைக்குமே பொறுக்காது.

"வைக்கோல் எதுக்குடா போடற?"

"மாட்டுக்கு வைக்கோல் போடாம எப்படிக்கா?"

"எதுக்குன்னு கேட்டேன்."

"வயிறு ரொம்பணும்ல."

"வயிறு ரொம்பறது எதால? நாரால. வைக்கோல்ல இருக்கறது நார். என் சக்கையில இருக்கறதும் நார், சோளத்தை விட மூணு மடங்கு. நானே கையால அளந்தது. அப்புறம் எதுக்கு நீ நாயா அலையற? வைக்கோலை நிறுத்து. சக்கையை ரெண்டு மடங்காக்கு. சோளக் குருணை எப்பவும் போல போடு."

"சரிக்கா" என்றான் தம்பி.

முதலில் பால் கூடியது. அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆலையில் பார்த்தவர்களிடமெல்லாம், என் தம்பி வீட்டு மாடு வைக்கோலே தொடுவதில்லை தெரியுமா என்று சொல்லி மாய்ந்தாள். ஆய்வக அதிகாரிக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவரும் பலே என்று சொல்லிவைத்தார். பிறகு பால் சேகரிக்கும் இடத்தில், கொழுப்பு இறங்கிவிட்டதே, தண்ணீர் கலக்கிறாயா என்று தம்பியைக் கேட்டுவிட்டார்கள். பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது கேட்டார்கள். கலப்படம் செய்வதைவிட அவன் உயிரை விட்டுவிடுவான். ஆனாலும் வாயைத் திறக்காமல் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். தம்பி மனைவி சொல்லித்தான் அக்காவுக்கே தெரிந்தது.

அப்புறம் சாணம் இளகியது. கூழ் மாதிரி, நுரையோடு. மாடுகள் காலை மாற்றி மாற்றி வைத்து, குளம்பு வலிப்பது போல் நின்றன. மகாராணி தொட்டிக்கு வரும், முகர்ந்து பார்க்கும், திரும்பிப் போய்விடும். தம்பி மனைவியின் அப்பா ஒருநாள் வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"இதுல என்ன யோசனை? சாராயச் சக்கையைப் போட்டா மாட்டுக்குப் போதை ஏறாம என்ன ஏறும்? பாருங்க, நிக்கறதே தள்ளாடுது. ரெண்டு நாள் விட்டா பாட்டே பாடும்."

இதைக் கேட்ட நாரக்கா உள்ளுக்குள் பொங்கிய பொங்கலை எழுதினால் தாள் தாங்காது. சம்பந்தி என்று பார்த்து அவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலை முதல் வேலையாகச் சக்கையில் சாராயம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. அத்தனை சூட்டில் உருண்டு வருவதில் எப்படி இருக்கும்? நாரைப் பார்த்தாள். சரியாக இருந்தது. வேறு மூட்டையில் எடுத்துப் பார்த்தாள். அதுவும் சரி. எண் சரியாக வரவர அவளுக்குப் பயம்தான் கூடியது. தப்பு ஒன்று அகப்பட்டால் அதன் கழுத்தைப் பிடிக்கலாம். எல்லாம் சரியென்றால் யாரைப் பிடிப்பது?

அவளுக்குப் பொய் நாரின் மேல் சந்தேகம் வந்தது. உலர்த்தும் உருளையில் சூடு எல்லை மீறினால், சக்கையில் உள்ள புரதமும் மிச்சச் சர்க்கரையும் கருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அது கரைசலில் கரையாமல் நின்று, நானும் நார்தான் என்று சாதிக்கும். எடையில் ஏறும், எந்த வயிற்றுக்கும் உதவாது. அதுவாகத்தான் இருக்கும் என்று அரக்கப் பரக்க உருளைக் கூடத்துக்கு ஓடினாள். அங்கே வேலை செய்பவர் ஒரு கை நிறையத் தூளை அள்ளிக் காட்டினார். நல்ல பொன்னிறம். கருகல் வாசனைகூட இல்லை.

"சூடெல்லாம் அப்படியேதான் இருக்குக்கா. அரவைக்குப் புதுச் சல்லடை போட்டதுலேர்ந்துதான் கஷ்டம். சாராயம் இன்னும் கொஞ்சம் அதிகமா இறங்கணும்னு சின்னக் கண் வெச்ச சல்லடை மாட்டிட்டாங்க. முகத்துக்குப் போடற பவுடர் மாதிரி வருது, மூக்கெல்லாம் ஏறுது."

"பொடியா இருந்தா என்ன, திப்பியா இருந்தா என்ன, நார் நார்தானே" என்று சொல்லிவிட்டு நாரக்கா திரும்பி நடந்தாள். இதைவிடப் பெரிய தப்பை அவள் வாழ்நாளில் பேசியதில்லை. ஆனால் அப்போது அவள் தலைக்குள் ஓடியதெல்லாம் எண்கள்தான்.

வார விடுமுறையன்று தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, மகாராணி எழுந்திரிக்க மாட்டேங்குது. டாக்டரம்மாவ மறுபடி வரச் சொல்லிருக்கோம். நீங்க வாங்க." குரல் உடைந்திருந்தது. நாரக்கா ஈரத் தலையோடு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்த கணவர் தெருமுனை வரை வந்து திரும்பிப் போனார்.

கொட்டகையில் மாட்டு டாக்டரம்மா மண்டியிட்டு மகாராணியின் இடுப்பில் காதுக் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மகாராணி கழுத்தைப் பக்கவாட்டில் மடித்துக் கிடந்தது. கண் உள்ளே போயிருந்தது. தம்பி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"போன தடவை கம்பி கிம்பி முழுங்கியிருக்கும்னு நெனச்சு மருந்து குடுத்தேன். அது இல்ல. வயித்துல அசைவே இல்லை, புளிச்சுப் போயிருக்கு" என்றார் டாக்டரம்மா. "நான் அன்னைக்கே கேட்டேன், இப்பவும் கேக்கறேன். வைக்கோல் ஒழுங்காப் போடறீங்களா?"

"போடறோம் டாக்டர். எப்பவும் போல, வயிறு முட்ட" என்றான் தம்பி.

நாரக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொட்டகையில் வைக்கோலின் வாசனையே இல்லாமல் எத்தனை நாளாயிற்று! பொய் சொல்லத் தெரியாதவன் என்று ஊரே சத்தியம் செய்யும் அவன், டாக்டரின் முகத்தைப் பார்த்துக் கூசாமல் சொல்கிறான். அவனை நோக்கினாள். அவன் இவளைப் பார்க்காமல் மகாராணியின் காதை நீவிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வைக்கோலை ஏன் நிறுத்தினாய் என்று யாராவது கேட்டால் அக்கா பெயரைச் சொல்ல வேண்டிவரும். அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அதற்காக இவன் போன தடவையும் இதையேதான் சொல்லியிருக்கிறான். டாக்டரம்மா இல்லாத கம்பியைத் தேடிக்கொண்டிருந்தது அதனால்தான்.

"பொய் டாக்டர். வைக்கோலே போடறதில்ல. நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"அக்கா, நீ சும்மா இரு..."

"நீ சும்மா இருடா!"

டாக்டரம்மா காதுக் குழலைக் கழற்றினார். எழுந்துபோய் மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி சக்கைத் தூளை எடுத்தார். விரலைத் தளர்த்தியதும் அது மணலாகச் சரிந்தது.

"இதுல மெல்ல என்ன இருக்கு?"

"நார் இருக்கு டாக்டர். மூணு மடங்கு. நான் ஆலையில அதை அளக்கறவ. நேத்துக்கூட அளந்தேன்."

"நார் இல்லைன்னு நானா சொன்னேன்? மெல்ல என்ன இருக்குன்னு கேட்டேன்."

நாரக்காவுக்கு என்ன தோன்றியதோ, மூட்டையிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். தம்பி மனைவி ஐயையோ என்றாள். தூள் நாக்கில் பட்டதும் எச்சிலோடு குழைந்தது. பல்லுக்கு அகப்பட அதில் ஒன்றுமே இல்லை. அவள் தாடை அசையக்கூட இல்லை, அது பாட்டுக்குத் தொண்டைக்குள் இறங்கிப் போய்விட்டது. மூன்று மடங்கு நார், ஒரு முறை மெல்லக்கூட வழியில்லாமல்.

"வைக்கோல்னா மாடு கடிச்சு, முழுங்கி, மறுபடி வாய்க்குக் கொண்டாந்து நாள்ல பாதி நேரம் அசை போடும்" என்றார் டாக்டரம்மா, ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே. "அசை போட்டாத்தான் எச்சில் ஊறும். எச்சில் போய்ச் சேர்ந்தாத்தான் வயித்துப் புளிப்பு அடங்கும். உங்க சக்கை நல்ல தீவனம்தான், நானே எத்தனையோ பேருக்குச் சொல்றேன். ஆனா வைக்கோலோட சேர்த்துப் போடணும். இந்தப் பொடி நேரா உள்ள போய் விழுந்துடும், எதை அசை போடறது? இதுக்கு மேல சோளக் குருணை வேற. அதிகப் பால் குடுக்கற மாட்டுக்கு அதிகமா அள்ளிப் போட்டிருப்பீங்க, அதான் இது மொதல்ல விழுந்துடுச்சு. வைக்கோல் எங்க கிடைச்சாலும் கொண்டாங்க, இப்பவே. மத்த நாலையாவது பாக்கலாம்."

மத்த நாலையாவது. அந்தச் சொல் அவள் நெஞ்சில் சுருக்கென்று இறங்கியது. அதை நின்று அனுபவிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. ஸ்கூட்டரில் பாய்ந்தாள். வைக்கோல் வியாபாரி கையை விரித்தார். பாத்திரக் கடையில் பீங்கான் சாமான் சுற்றி வருகிற வைக்கோலைக் கேட்டாள், இப்போதெல்லாம் பிளாஸ்டிக் குமிழித் தாள்தான் வருகிறது என்று சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கும்போதே அவளுக்குக் காளான் வளர்க்கும் அம்மாள் ஒருத்தியின் நினைவு வந்தது. காளானுக்கு வைக்கோல் இல்லாமல் நடக்காதே! அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் கட்டுகளைத் தண்ணீரில் நனைக்கத் தொட்டியருகே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, நனைச்சிடாதீங்க!" என்று வாசலில் இருந்தே நாரக்கா போட்ட கூச்சலில் அந்த அம்மாள் கையிலிருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும், எடுத்துக்கோங்க என்றாள் அந்த அம்மாள். அவளும் ஒரு காலத்தில் மாடு வைத்திருந்தவள். ஸ்கூட்டர் தாங்காது என்று பக்கத்துச் சரக்கு ஆட்டோவையும் அவளே கூப்பிட்டுவிட்டாள். வழி முழுக்க நாரக்காவின் வாய் ஓயவில்லை. ஆட்டோவுக்கு முன்னால் ஸ்கூட்டரில் போய்க்கொண்டே, சீக்கிரம் சீக்கிரம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். அவள் கண்ணில் நீர் வழிந்ததைக் காற்று காயவைத்துக்கொண்டே வந்தது.

மகாராணி அதைத் தொடவில்லை. தம்பி ஒரு கற்றையை அதன் உதட்டில் வைத்து, தின்னும்மா, தின்னு என்று கெஞ்சினான். அது மூச்சை மட்டும் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் அந்த மூச்சும் நின்றுவிட்டது.

மற்ற நாலும் பிழைத்தன. மெல்ல மெல்ல, ஒவ்வொன்றாகத் தாடையை ஆட்டத் தொடங்கின. டாக்டரம்மா சொன்னபடி சக்கையைக் குறைத்து, குருணையைக் குறைத்து, சோடா உப்புக் கரைத்துக் கொடுத்து, குளம்புக்கு மருந்து போட்டார்கள். நாரக்கா ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்ததும் நேராக அங்கே போனாள். சாணம் அள்ளினாள், தொட்டி கழுவினாள், யாரும் கேட்காததையெல்லாம் செய்தாள். தம்பி மனைவி முதல் இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அடுப்படியில் வைத்து, "எல்லாத்துலயும் நீங்கதான் முடிவு பண்ணணுமா அண்ணி? ஒரு வாயில்லா ஜீவன் போச்சே" என்று அழுதுகொண்டே கேட்டுவிட்டாள். கேட்டதும் நாரக்காவுக்கு மனசு கொஞ்சம் லேசானது. அவளைக் கட்டிக்கொண்டு இவளும் அழுதாள்.

தம்பிதான் ஒன்றுமே சொல்லவில்லை. எப்போதும் போல வாக்கா என்றான், டீ குடிக்கிறியா என்றான். அவளால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு மாலை அவன் வைக்கோலைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது எதிரே போய் நின்றாள்.

"என்னை ஒரு வார்த்தை திட்டுடா."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? உன் மாட்டைக் கொன்னுருக்கேன்டா. நாலு வார்த்தை கேளு. உன் படிப்பும் வேணாம் உன் நாரும் வேணாம்னு சொல்லு. மண்ணு மாதிரி இருக்கியே!"

"நீ நல்லதுக்குத்தானே சொன்ன." அவன் ஒரு கட்டைப் பிரித்து உதறினான். பிறகு, ரொம்ப சாதாரணமாக, "அக்கா, இனிமே சக்கையைக் கொஞ்சமாப் போடட்டுமா, அடியோட நிறுத்திடட்டுமா? நீ சொல்லு, அப்படியே பண்ணிடறேன்" என்றான்.

அவளுக்குப் பகீரென்றது. இவ்வளவுக்குப் பிறகும் நம்புகிறான். நம்பிக்கை போய்விட்டதோ என்று அத்தனை நாள் தவித்தவள், அது அப்படியே இருக்கிறது என்று கண்டபோது பயந்துபோனாள். இப்போது இவள் வாயிலிருந்து எது வந்தாலும் நாளைக் காலையில் இந்தத் தொட்டியில் அதுதான் விழும்.

"நீ என்னடா நினைக்கற?" என்றாள்.

அவன் கை நின்றது. அப்படி ஒரு கேள்வி அவனுக்குப் பழக்கமில்லை.

"சொல்லுடா. உனக்கு என்ன தோணுது?"

"எனக்கு..." என்று இழுத்தான். "வைக்கோலை நிறுத்தின அன்னைக்கே எனக்கு மனசு ஒப்பலக்கா. அடுத்த நாளே கொட்டகை ஒரு மாதிரி சத்தமில்லாம ஆயிடுச்சு. படுத்துக் கெடக்கும்போது அதுங்க அசை போடற சத்தம் ஒண்ணு வரும் பாரு, அது இல்ல. மகாராணி வெறுமனே படுத்து என்னையே பாக்கும். இது சரியில்லைன்னு அப்பவே தெரிஞ்சுது."

"அப்பவே தெரிஞ்சுதா?"

"ம்."

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல? ஏண்டா?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபமில்லை, குத்தலில்லை. இதென்ன கேள்வி என்கிற திகைப்பு மட்டும்தான் இருந்தது.

"நீ கேக்கலையேக்கா."

அவன் கோபப்பட்டிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பாள். அவன் இரண்டும் செய்யவில்லை. காலடியில் கிடந்த தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டாள், அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இப்ப கேக்கறேன். சொல்லு" என்றாள்.

அவன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். நாலு மாடுகளும் அதனதன் இடத்தில் படுத்துத் தாடையை ஆட்டிக்கொண்டிருந்தன. அவன் முதல் வார்த்தையைத் தேடி எடுக்கிறவரை அவள் குறுக்கே எதுவும் பேசவில்லை.